மஸ்ஜிட் ஜாமெக் நிலையம் ஏன் ஆற்றின் மேல் நிற்கிறது?

பட்டர்வொர்த்திலிருந்து தலைநகர் கோலாலம்பூர் வந்து மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறிய நண்பர், ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். ஒரே நிலையத்தில் அம்பாங் ரயில் மாடியிலும் கிளானா ஜெயா ரயில் மண்ணுக்கடியிலும் ஏன் ஓடுகிறது? கரையில் இடமே இல்லாத மாதிரி ஆற்றின் மேல் நிலையம் கட்டுவானேன்? அவ்வளவு அழகான மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இப்படிக் கான்கிரீட் மேம்பாலத்தைக் கொண்டுவர யார் ஒப்புக்கொண்டார்கள்? "திட்டம் போட்டவர்களுக்குக் கண் இல்லையா?" என்றும் முடித்திருக்கிறார். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தையும் இந்த வடிவத்தையும் எது முடிவு செய்தது? என் பதில், நிலம் முடிவு செய்தது என்பதே. யாருக்கும் நஷ்ட ஈடு கொடுக்காமல், எதையும் பெரிதாக இடிக்காமல் எங்கே தூண் நட முடியுமோ அங்கே பாதை போனது. கட்டட வடிவமைப்பாளர் வந்து சேர்ந்தபோது முக்கால்வாசி முடிவுகள் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டன.

நான் கட்டமைப்புப் பொறியாளர். மேல்நிலை ரயில் நிலையங்களின் பைலிங் (தூணைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கம்பங்கள், அதாவது பைல்கள்), தூண், தளம், கூரை இவைதான் என் பிழைப்பு. அதனால் இவற்றைப் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். சிக்னல், ரயில் கட்டுப்பாடு போன்றவை என் துறை அல்ல. அன்றைய அமைச்சரவையில் யார் என்ன பேசினார்கள் என்ற அரசியலுக்குள்ளும் போகப் போவதில்லை. ஊகமாகச் சொல்லும் இடங்களில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

அம்பாங் வழி இந்நாட்டின் முதல் எல்ஆர்டி, அதாவது நகருக்குள் ஓடும் இலகு ரயில். ஸ்டார் என்ற தனியார் நிறுவனம் கட்டி, 1996 டிசம்பர் 16 அன்று அம்பாங்கிலிருந்து சுல்தான் இஸ்மாயில் வரை ஏறக்குறைய 12 கிலோமீட்டரைத் திறந்தது. 1998இல் ஒரு கிளை ஸ்ரீ பெட்டாலிங் வரையும், மறுமுனை செந்தூல் தீமோர் வரையும் நீண்டன. அந்த ஆண்டு செப்டம்பரில் புக்கிட் ஜாலிலில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்ததால் ஸ்ரீ பெட்டாலிங் கிளைக்கு அவசரம் கூடுதல். இந்தப் பாதையை வரைபடத்தில் பார்ப்பவர்களுக்கு அது ஏன் இப்படி வளைந்து நெளிந்து போகிறது என்று தோன்றும். பழைய ரயில்வே வரைபடத்தைப் பக்கத்தில் வைத்தால் விடை கிடைத்துவிடும். கிழக்கே அம்பாங் ஈயச் சுரங்கங்களுக்குப் போன மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) கிளைப் பாதையும், ஜாலான் சுல்தான் பக்கம் தொடங்கி பூடு வழியாகச் சுங்கை பீசி போன பழைய பாதையும் அங்கேதான் இருந்தன. அந்தத் தண்டவாளங்களைப் போட்டுப் பராமரித்த கூட்டத்தில் நம் தாத்தாக்கள் எத்தனை பேர் என்பதை பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டார் அந்த நிலப்பட்டைகளை எடுத்துக்கொண்டு, மீட்டர் கேஜை அகற்றி 1,435 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் போட்டது. சான் சோ லின்னிலிருந்து அம்பாங் வரை ரயில் பெரும்பாலும் தரையிலேயே ஓடுவதற்குக் காரணம் அதுதான். நிலம் ஏற்கெனவே ரயில்வேயின் கையில் இருந்தது. மேலே தூக்க வேண்டிய தேவையே இல்லை.

பிரச்சினை நகர மையத்தில்தான் தொடங்குகிறது. பழைய ரயில் பாதை முடியும் இடத்துக்கு அப்பால் கடைகளும் வங்கிகளும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அங்கே அரசாங்கத்தின் கையில் நீளமாக இருந்தவை இரண்டே: சாலையும் ஆற்றோரமும். ரயில் ஜாலான் துன் பேராக்கை ஒட்டி மேம்பாலத்தில் வந்து, கிள்ளான் ஆற்றைத் தாண்டி, வடக்கே திரும்பி, பண்டாராயா, சுல்தான் இஸ்மாயில், பிடபிள்யூடிசி வரை கோம்பாக் ஆற்றின் போக்கை ஒட்டியே போகிறது. இது கண்ணால் காணக்கூடிய உண்மை. "செலவு குறைவு என்பதற்காகவே ஆற்றோரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்" என்பது என் ஊகம். ஆனால் நகருக்குள் மேம்பாலம் போட்ட எவரும் இதை மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். தனியார் கடை வரிசை ஒன்றைக் கையகப்படுத்தப் போனால் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆறு வழக்குப் போடாது.

ஆற்றின் மேல் நிலையம் என்பதும் இதனால் வந்த விளைவே. ஸ்டார் நடைமேடைகளின் ஒரு பகுதி கிள்ளான் ஆற்றுக்கு நேர் மேலே இருக்கிறது. ஆற்றைக் கடந்ததும் பாதை வளையத் தொடங்குவதால் நிலையத்தை அந்தப் பக்கம் தள்ள முடியாது. நடைமேடை முடிந்தவரை நேர்கோட்டில் இருக்க வேண்டும். வளைவில் வைத்தால் ரயில் கதவுக்கும் நடைமேடை விளிம்புக்கும் இடையே கால் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். கிடைத்த நேர்கோட்டுத் துண்டின் கீழே ஆறு ஓடியது என்பதுதான் கதை.

இனி நண்பர் நேரடியாகக் கேட்காத, ஆனால் அங்கே ரயில் மாறுகிற எல்லோரும் திட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். மேலே அம்பாங் வழியில் இரண்டு நடைமேடைகள் எதிரெதிரே நிற்கின்றன, நடுவில் இரண்டு தண்டவாளம். தவறான பக்கம் ஏறிவிட்டால் இறங்கி மறுபடி ஏற வேண்டும். கீழே கிளானா ஜெயா வழியில் ஒரே நடைமேடை, அதன் இருபக்கமும் ரயில். அங்கே தவறு செய்தால் திரும்பி நின்றாலே போதும். கீழே இருப்பவர் புத்திசாலி, மேலே இருப்பவர் முட்டாள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மேம்பாலத்தில் இரண்டு தண்டவாளத்தையும் ஒட்டி வைத்து, ஒரே தளமாக, ஒரே வரிசைத் தூண்களின் மேல் ஏற்றினால்தான் செலவு குறையும், கீழே சாலைக்கும் இடம் மிஞ்சும். நடுவில் நடைமேடை வேண்டுமென்றால், நிலையத்துக்கு நூறு மீட்டருக்கும் முன்பிருந்தே இரண்டு தண்டவாளத்தையும் மெல்ல விலக்கி, நிலையம் தாண்டியபின் மறுபடி சேர்க்க வேண்டும். அப்படி விலகும் இடத்தில் மேம்பாலம் அகலமாகும், தூண் இரட்டையாகும், கீழே சாலை குறுகும். ஜாலான் துன் பேராக்கில் அதற்கு எங்கே இடம்? மண்ணுக்கடியில் கதை தலைகீழ். சுரங்கம் தோண்டும் இயந்திரம் போகிற வழிக்கு ஒன்று, வருகிற வழிக்கு ஒன்று என்று இரண்டு தனிக் குழாய்களைத்தான் தோண்டுகிறது. இரண்டுக்கும் இடையே மண்ணை விட்டுவைத்தால்தான் பாதுகாப்பு. ஆகவே தண்டவாளங்கள் இயல்பாகவே விலகி இருக்கின்றன, நடுவில் நடைமேடை போட இடம் தானாகக் கிடைக்கிறது. ஒரே நிலையத்தில் மாடிக்கும் பாதாளத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் புதிதாக வேலைக்கு வரும் இளம் பொறியாளர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கிளானா ஜெயா வழி ஏன் கீழே போனது? அதைக் கட்டியது புத்ரா என்ற வேறொரு நிறுவனம். 1998 செப்டம்பர் 1 அன்று மேற்கிலிருந்து பசார் செனி வரை திறந்தார்கள். பசார் செனியில் ரயில் மாடியில்தான் நிற்கும். அதைத் தாண்டியதும் பாதை மண்ணுக்குள் இறங்கி மஸ்ஜிட் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு, கேஎல்சிசி, அம்பாங் பார்க் என்று ஐந்து நிலையங்களுக்குப் பிறகுதான் மறுபடி தலைகாட்டுகிறது. இந்தப் பகுதி 1999 ஜூனில் திறக்கப்பட்டது. புத்ராவுக்கு நகர மையத்தில் பழைய ரயில் பாதையும் மிச்சமில்லை, ஆற்றோரத்தில் ஸ்டார் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. மேலே போவதாக இருந்தால் ஸ்டார் மேம்பாலத்துக்கும் மேலே இன்னொரு மேம்பாலம், அதாவது ஆறேழு மாடி உயரத்தில் ரயில். கீழே போனதே நல்லது.

கீழே போவதும் சுலபமில்லை, மேலே தூண் நடுவதும் சுலபமில்லை, காரணம் கோலாலம்பூர் மண். நகரின் பெரும்பகுதிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. பல லட்சம் ஆண்டுகளாக நீர் அரித்து அரித்து அதில் குகையும் பிளவும் செங்குத்துப் பள்ளமும் உண்டாகியிருக்கின்றன. பத்துமலையில் நாம் படியேறிப் பார்க்கும் குகை மண்ணுக்கு மேலே தெரிகிறது. அதே மாதிரி குழிவுகள் நகருக்குக் கீழே மண் மூடிக் கிடக்கின்றன. ஒரு தூணுக்கு நான்கு பைல் அடிக்கும்போது மூன்று பத்து மீட்டரில் பாறையில் உட்கார்ந்துவிடும், நான்காவது முப்பது மீட்டர் போயும் நிற்காது. பாறை கிடைத்துவிட்டது என்று நினைத்தால் அது மெல்லிய கூரையாக இருக்கும், அதன் கீழே வெற்றிடம். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தையே முதலில் குறித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளிக் கட்டினார்கள், அடியில் பாறை சரிவாக இருந்ததால். கட்டடத்தைத் தள்ளலாம், ரயில் பாதைத் தூணை அப்படி நினைத்த பக்கம் தள்ள முடியாது. 2024 ஆகஸ்டில் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கிய சம்பவத்துக்குப் பிறகு, "எல்ஆர்டி தூணும் இப்படி இறங்குமா?" என்று பலர் கேட்கிறார்கள். நடைபாதைக் கல் மேல்மண்ணின் மேல் கிடப்பது. ரயில் தூண் பைல் வழியாகப் பாறையில் நிற்பது. மேல்மண் உள்வாங்குவதற்கு நிலத்தடிக் குழாய்க் கசிவிலிருந்து பாறைக் குழிவு வரை பல காரணங்கள் இருக்கலாம். அதை வைத்து இதை எடைபோடுவது சரியில்லை.

ஆற்றுக்கு வருவோம். கிள்ளானும் கோம்பாக்கும் கூடும் இடம் அது, இரண்டு ஆற்று வெள்ளமும் சேரும் இடம். 1971 ஜனவரி வெள்ளத்தை வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகுதான் ஆற்றை அகலப்படுத்தி ஆழப்படுத்தும் வேலைகள் வேகம் பிடித்தன. அப்படி அகலப்படுத்திய ஆற்றில் நடுவே தூண் நட்டால் வெள்ளத்தில் மரக்கிளையும் குப்பையும் அடைத்து நீர் மட்டம் ஏறும். ஆற்றின் மேல் கட்டும் எந்த மேம்பாலத்திலும் முதல் வேலை தூண்களை முடிந்தவரை கரைக்குத் தள்ளுவதுதான். தூண்களுக்கு இடையே தூரம் கூடக்கூட உத்திரம் தடிமனாகும். ஜாலான் துன் பேராக் பாலத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவர்களுக்குக் கான்கிரீட் பாரமாகத் தெரிவதில் பாதி இந்தக் கணக்கால் வந்தது.

கூரையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேல்நிலை நிலையத்தில் பயணிக்கு நேரடியாகப் படுவது அதுதான். நம் ஊரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் மழை. அதுவும் மதியம் மூன்று நான்கு மணிக்கு மேல் காற்றோடு சாய்ந்து அடிக்கும். குளிர்சாதனம் வைக்காத நிலையத்தில் காற்றோட்டம் வேண்டும், எனவே பக்கச் சுவர் வைக்க முடியாது. சுவர் இல்லையென்றால் சாரல் உள்ளே வரும். கூரையை உயர்த்தினால் வெக்கை மேலே போய்விடும், ஆனால் சாரல் இன்னும் தூரம் உள்ளே வரும். தாழ்த்தினால் நனையமாட்டீர்கள், வெந்துபோவீர்கள். ஒவ்வொரு வடிவமைப்பாளரும் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் சமரசம் செய்கிறார். கனமழையில் நடைமேடையின் விளிம்பை விட்டு எல்லோரும் நடுவே ஒதுங்கி நிற்பதைப் பார்த்தால், அந்தச் சமரசக் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

லிஃப்ட் விஷயத்தில் எனக்குச் சமாதானம் கிடையாது. ஸ்டார் நிலையங்கள் திறந்தபோது சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு வழியில்லை. உடற்பேறு குறைந்தவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பிறகு வந்த புத்ரா ஆரம்பத்திலேயே லிஃப்ட் வைத்துக் கட்டியது. அம்பாங் வழி நிலையங்களில் லிஃப்ட் வரப் பல ஆண்டுகள் ஆயின. நிலம் இல்லை, ஆறு குறுக்கே என்று மற்றதற்கெல்லாம் காரணம் சொல்லலாம். லிஃப்டுக்குத் தேவை இரண்டு மீட்டர் சதுரம்தான். அது இடப் பிரச்சினை அல்ல, அவர்களை யாரும் நினைக்கவில்லை என்பதுதான் விஷயம். கட்டி முடித்த நிலையத்தில் லிஃப்ட் குழி போடுவது எவ்வளவு கஷ்டம் என்றால், இருக்கும் தளத்தை அறுத்து, உத்திரத்துக்கு மாற்று ஆதாரம் கொடுத்து, பயணிகள் நடந்துகொண்டிருக்கும்போதே இரவு வேலையாகச் செய்ய வேண்டும். முதலிலேயே வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு அதில் சிறு பகுதி.

இரண்டு நிறுவனங்கள் கட்டியதன் வடு இன்னொன்று, டிக்கெட். 1999லிருந்து 2011 வரை மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறியவர்கள் ஒரு வழியிலிருந்து முழுவதும் வெளியே வந்து, மறுபடி டிக்கெட் எடுத்து, அடுத்த வழிக்குள் நுழைந்தார்கள். பெயர் ஒன்று, நிலையம் இரண்டு. 1997 ஆசிய நிதி நெருக்கடியில் இரண்டு நிறுவனங்களும் கடனில் மூழ்கின, 2002இல் அரசு நிறுவனமான பிரசரானா இரண்டையும் எடுத்துக்கொண்டது. உரிமையாளர் ஒருவரான பிறகும் கட்டடத்தை ஒன்றாக்க ஏறக்குறைய பத்தாண்டு பிடித்தது, 2011 இறுதியில்தான் உள்ளுக்குள்ளேயே மாறும் வழி வந்தது. ஹங் துவா, தித்திவங்சா இரண்டிலும் மோனோரயிலோடு இணைப்பு 2012இல். மோனோரயில் மூன்றாவது நிறுவனத்தின் குழந்தை, 2003 ஆகஸ்ட் 31 அன்று திறந்தது, 8.6 கிலோமீட்டரில் 11 நிலையங்கள். அதன் கேஎல் சென்ட்ரல் நிலையம் உண்மையான கேஎல் சென்ட்ரலுக்கு வெளியே, பிரிக்பீல்ட்ஸ் சாலையோரம் நின்றதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2014இல் நு சென்ட்ரல் வந்த பிறகு கடைத்தொகுதிக்குள் புகுந்து போகலாம், நனையாமலாவது போகலாம்.

எல்லாம் ஒரே கையில் இருந்தால் வேறு மாதிரி கட்ட முடியும் என்பதற்கு மஸ்ஜிட் ஜாமெக்குக்கு அடுத்த நிலையமே சாட்சி. பசார் செனியில் எல்ஆர்டி மாடியில், 2017 ஜூலையில் வந்த எம்ஆர்டி (எல்ஆர்டியைவிடப் பெரிய நகர ரயில்) பாதாளத்தில். ஆனால் டிக்கெட் கதவைத் தாண்டாமல் எஸ்கலேட்டரிலேயே மாறலாம். 2016 ஜூனில் திறந்த புத்ரா ஹைட்ஸில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: ஸ்ரீ பெட்டாலிங் வழியும் கிளானா ஜெயா வழியும் அங்கே ஒரே மட்டத்தில் சந்திக்கின்றன, நடைமேடையைக் குறுக்கே கடந்தால் அடுத்த ரயில். இத்தனைக்கும் இரண்டும் வெவ்வேறு தொழில்நுட்பம். கிளானா ஜெயா ரயில் தண்டவாளங்களுக்கு நடுவே கிடக்கும் உலோகப் பட்டையைக் காந்த விசையால் தள்ளி நகர்வது, மற்றது சாதாரண மோட்டார். தண்டவாள அகலம் ஒன்றாக இருந்தும் ஒன்றின் பாதையில் மற்றது ஓட முடியாது. ரயிலை இணைக்க முடியாவிட்டாலும் கட்டடத்தை இணைக்கலாம்.

பள்ளிவாசலுக்கு வருகிறேன். ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வடிவமைத்து 1909 டிசம்பரில் திறக்கப்பட்டது. 1965இல் தேசியப் பள்ளிவாசல் வரும்வரை தலைநகரின் முதன்மைப் பள்ளிவாசல் இதுதான். பழைய கோலாலம்பூர் ரயில் நிலையமும் ஹப்பாக் வரைந்ததே, அந்த வகையில் ரயில்காரர்களுக்கு அவர் அந்நியர் அல்லர். பள்ளிவாசலின் முகம் ஆறுகள் கூடும் தெற்குப் பக்கம். நிலையம் நிற்பது வடக்கே. ஆகவே முகத்தை மறைத்துவிட்டார்கள் என்பது அப்படியே சரியில்லை. ஜாலான் துன் பேராக்கிலிருந்து வருபவருக்கு முதுகுப் பக்கக் காட்சி கெட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது சின்ன இழப்பு அல்ல. தூண்களை இன்னும் மெலிதாக்கியிருக்கலாம், நிலையத்தைச் சற்றுக் கிழக்கே நகர்த்த முயன்றிருக்கலாம் என்பது என் எண்ணம். அன்றைய வடிவமைப்பாளர் மறுத்துப் பேசினால் கேட்டுக்கொள்வேன்.

இடித்துவிட்டு அம்பாங் வழியையும் மண்ணுக்குள் கொண்டுபோக முடியாதா என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். பொறியியல் ரீதியாக முடியும். ஆனால் அங்கே கீழே ஏற்கெனவே புத்ராவின் இரண்டு குழாய்கள் கிடக்கின்றன, அவற்றுக்கும் கீழே போக வேண்டும், அதுவும் சுண்ணாம்புப் பாறையில், பக்கத்தில் பாரம்பரியக் கட்டடம். வேலை நடக்கும் ஆண்டுகள் முழுவதும் செந்தூல்காரர்களுக்கு நகர மையத்துக்கு இந்த எல்ஆர்டி இருக்காது. அந்தப் பணத்துக்கு எல்ஆர்டி போகாத இடத்துக்கு ஒரு புதிய வழி போடலாம் என்று எவரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். அடுத்த முறை வரும்போது பள்ளிவாசலைப் பார்க்க வேண்டுமென்றால் பசார் செனியில் இறங்கி, சென்ட்ரல் மார்க்கெட்டைத் தாண்டி ஆற்றோர நடைபாதையில் வடக்கே நடந்து வாருங்கள். பத்து நிமிட நடைதான், ஹப்பாக் காட்ட நினைத்த பக்கமும் அதுதான்.